கால் கழுவிவிட்டு வரும் கார்

முருகையன் காரில் இரண்டு பெடல்களை மட்டும் நம்புகிறவர். ஒன்றை மிதித்தால் கார் பாயும், இன்னொன்றை மிதித்தால் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மெதுவாகப் போவது என்று ஒன்று உண்டு என்பதை அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

வீடு செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி. அலுவலகம் வேங்கிக்காலில். தினமும் காலையிலும் மாலையிலும் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்க வேண்டும். இடது பக்கம் ஓட்டுவதா வலது பக்கம் ஓட்டுவதா என்று யோசித்தபடியே வாடகை ஸ்கூட்டரில் வரும் வெள்ளைக்காரர்கள், நடுச் சாலையில் நிறுத்தி ஆள் கூப்பிடும் ஷேர் ஆட்டோக்கள், ஹாரனுக்கு அசையாத மாடுகள் எல்லாவற்றையும் அவர் சந்தித்தாக வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் வேகமாக வந்து, ஒரே மிதியில் பிரேக் போட்டு, எதிரில் இருப்பவரைப் பார்த்துத் தலையை இட வலமாக ஆட்டுவார். மாடாக இருந்தாலும் ஆட்டுவார்.

அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. அவருடைய திறமையைப் பற்றி அங்கே ஒரே கருத்துதான் உண்டு. ஒரு கோப்பு காணாமல் போனால் அவர் கோப்பைத் தேட மாட்டார், தொலைத்தவரைத் தேடுவார். தொலைத்தவர் கிடைத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. கோப்பு அதன் பாட்டுக்குக் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

இப்படிப்பட்டவரின் கார், பிரேக் போட்டால் உதற ஆரம்பித்தது.

நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டாலும் ஒன்றும் இல்லை. வேகத்தில் வந்து அழுத்தி மிதித்தால் மட்டும் ஸ்டீரிங் இரண்டு கைகளுக்குள்ளும் உதறும், குளிர்ஜுரக்காரனின் கையைப் பிடித்திருப்பதுபோல. கார் நின்றதும் அதுவும் நின்றுவிடும். வேறொருவர் ஓட்டியிருந்தால் இதைக் கவனிக்கவே மாதக்கணக்காகியிருக்கும். முருகையன் முதல் மாட்டிலேயே கவனித்துவிட்டார்.

இது அவருடைய எரிச்சலோடு முடிந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே மாதத்தில் அவர் மனைவி ஆதிலட்சுமிக்குப் பதவி உயர்வு வந்தது. ஆதிலட்சுமி ஊருக்கு வெளியே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். பட்டியலில் பெயர் மேலே வர வருஷக்கணக்காகக் காத்திருந்தவர். வந்த இடம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு. மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால், மறுபடி பெயர் மேலே ஏறுவதற்குள் அவருக்கும் ஓய்வு வயது நெருங்கிவிடும்.

போளூர் வழியாக மலைக்கு பஸ் உண்டு. ஆனால் அது போகிற நேரமும் திரும்புகிற நேரமும் வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் போட்டவை அல்ல. கார் இருந்தால் போய்வரலாம். ஆதிலட்சுமியிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் முறையாகப் படித்து, எட்டுப் போட்டு, ஒரே தடவையில் வாங்கியது. அன்று முருகையன் கூடவே வந்து கைகொடுத்துப் பாராட்டினார். பாராட்டிவிட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த லைசென்ஸ் பீரோவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதும் அவர் மறுக்கவில்லை. மறுப்பது அவர் வழக்கமில்லை. "தாராளமா போ. வேணாம்னு நான் சொன்னனா? வண்டி உதறுது. கொண்டை ஊசி வளைவுல பிரேக்க மிதிச்சு ஸ்டீரிங் கைய விட்டுப் போச்சுனா, யாரு பதில் சொல்றது?" என்றார்.

ஆகவே முதலில் உதறலுக்குக் காரணம் தெரிய வேண்டும், பிறகு மலை என்று வீட்டில் முடிவானது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கண்டுபிடிக்கும் பொறுப்பை முருகையனே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் இதில் இருந்த சிக்கல்.

விசாரணை அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் தொடங்கியது. முதல் சாட்சி அப்பாதுரை, அலுவலக ஜீப்பின் டிரைவர். அவர் காரைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல், டயர்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார். கண்ணைத் திறந்திருந்தால் புது டயருக்கே உரிய ரப்பர் முள்கள்கூட இன்னும் உதிராமல் இருப்பது தெரிந்திருக்கும். அவருடைய தங்கை வீட்டுக்காரருக்கு டயர் கடை இருப்பது பிறகுதான் தெரிந்தது. டயர்கள் மாறின. கார் புது டயர்களோடு உதறியது. புது டயர் செட் ஆகக் கொஞ்சம் நாள் ஆகும் என்றார் அப்பாதுரை, இன்னொரு டீ சொல்லியபடி.

அடுத்து அலைன்மென்ட். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடை என்பதால் முருகையனுக்கு அதன்மேல் மரியாதை. சக்கரங்களின் படமும் பக்கத்தில் பச்சை எழுத்துகளுமாக ஒரு தாள் கொடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். முருகையன் அதை மடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வழியில் ஒரு ஷேர் ஆட்டோவுக்காகப் பிரேக் போட்டபோது சீட்டிலிருந்து பறந்த தாளைக் காலடியிலிருந்து பொறுக்கினார்.

ஓடும்போதே உதறினால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும், பிரேக் போடும்போது மட்டும் உதறினால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை. ஆனால் டயர் விற்கிறவருக்கும் அலைன்மென்ட் பார்க்கிறவருக்கும் இதைச் சொல்வதால் ஒரு லாபமும் இல்லை.

கடைசியில் கார் சகாதேவனிடம் போனது. அவலூர்பேட்டை சாலையில் பட்டறை வைத்திருப்பவர். தெரியாது என்ற சொல்லைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து வாடிக்கையாளர் காதில் விழவிடாதவர் என்று பெயர். அவர் முருகையனைப் பக்கத்தில் உட்கார வைத்து பைபாஸுக்குப் போனார். வேகம் ஏற்றி, பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, அழுத்திப் பிரேக் போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு முருகையனை ஓட்டச் சொல்லி, உதறல் கையில் தெரிகிறதா, உட்காருகிற இடத்தில் தெரிகிறதா என்று கேட்டார். கையில் என்றார் முருகையன். அப்படியானால் பின்பக்கம் இல்லை, முன் சக்கரத்து டிஸ்க் என்றார் சகாதேவன்.

இதுவரை சகாதேவன் சொன்னது அத்தனையும் சரி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். தட்டு ஒரு மயிரிழை நெளிந்திருந்தாலும் பேடுகள் மாறி மாறித் தள்ளுப்படும், அந்தத் தள்ளல் ஸ்டீரிங் வரை வந்து கையை உதறும். சகாதேவன் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் மேல் ஒரு டயலைப் பொருத்திச் சுற்றிக் காட்டினார். முள் நிற்காமல் ஆடியது. டிஸ்க்கை லேத்துக்கு அனுப்பி மட்டமாக்கி மாட்டினார்கள். உதறல் போனது. முருகையன் அன்று மாலை ஊர் நடுவே வேண்டுமென்றே நாலு இடத்தில் பிரேக் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை மறுபடியும் உதறியது.

டிஸ்க் ஏன் நெளிந்தது என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முருகையன் கேட்டது யார் நெளிய வைத்தது என்று. சகாதேவன் லேத்துக்காரரைக் கைகாட்டினார். லேத்துக்காரர் பழைய இரும்பைக் கைகாட்டினார். புது டிஸ்க் போட்டார்கள். ஒரு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் உதறியது. இப்போது சகாதேவன் டிஸ்க் செய்த கம்பெனியைக் கைகாட்டினார். இப்போதெல்லாம் இரும்பில் சத்து கம்மி, எல்லாம் கலப்படம் என்று விளக்கமும் சொன்னார். முருகையன் ஒவ்வொருவரிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்காததுதான் குறை. தினமும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று, அலுவலகத்தில் கடைநிலை உதவியாளரை விசாரிக்கும் அதே குரலில் சகாதேவனை விசாரித்தார்.

அதற்குள் மாதம் பாதி ஓடிவிட்டது. மலையிலிருந்து ஆதிலட்சுமிக்கு ஒரு போன் வந்தது. வருகிறீர்களா, இல்லை அடுத்த பெயரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆதிலட்சுமி கணவரைப் பார்த்தார். விசாரணை நடந்துகொண்டிருப்பதாக அவர் தெரிவித்தார்.

இத்தனை பேர் காரைப் பார்த்தார்கள். சாயங்காலம் கார் வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அமாவாசை கழிந்த காலையில் முச்சந்திகளில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து கிடக்கும், உள்ளே குங்குமம், பக்கத்தில் நசுங்கிய எலுமிச்சை. நடந்து போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள், டூவீலர்கள் வளைந்து போகும். உதறல் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு முருகையன் ஒருமுறை வளைக்கவில்லை. வளைப்பது அவர் பழக்கமில்லை. கார் பூசணிக்காயின் மேல் ஏறி இறங்கியது. அந்த வாரமே மேலதிகாரி முருகையனிடம் ஒரு விஷயத்தில் விளக்கம் கேட்டார். முப்பது வருஷ சர்வீஸில் விளக்கம் கேட்டே பழக்கப்பட்டவரிடம் முதல் முறையாக இன்னொருவர் விளக்கம் கேட்டிருக்கிறார். பூசணிக்காயைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று அவர் முடிவு செய்தார்.

அன்றிலிருந்து அவருடைய கார் கால் கழுவாமல் வீட்டுக்குள் வருவதில்லை. வெளியே போய்வந்த மனிதன் கால் கழுவுகிற மாதிரி கார் சக்கரம் கழுவ வேண்டும். கேட்டுக்கு வெளியே நிறுத்தியதும், தயாராக வைத்திருக்கும் வாளியைத் தூக்குவார். தண்ணீரில் மஞ்சள்தூள், ஒரு கை கல்லுப்பு. பின் சக்கரங்களுக்கு ஒவ்வொரு சொம்பு. முன் சக்கரங்கள்தான் எதையும் முதலில் மிதிக்கின்றன என்பதால் அவற்றுக்கு இரண்டிரண்டு. டயரில் பட்டால் போதாது, நடுவில் படவேண்டும் என்று சக்கரத்தின் இடைவெளி வழியாகக் குறிபார்த்து ஊற்றுவார். உள்ளே டிஸ்க்கில் பட்டதும் சுர்ரென்று சத்தம் வரும், வெள்ளையாக ஆவி கிளம்பும்.

ஊரையே பிரேக்கில் கடந்து வந்த கார் அது. ஆவி வராமல் என்ன செய்யும்? ஆனால் முருகையன் அந்த ஆவியைத் திருஷ்டி என்று எடுத்துக்கொண்டார். ஆவி ஜாஸ்தியாக வந்த நாட்களில், வழியில் எதையோ மிதித்திருக்கிறோம் என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினார். எத்தனை மாடு, எத்தனை ஆட்டோ குறுக்கே வந்ததோ அத்தனைக்குத் திருஷ்டி கிளம்பியது.

இந்தச் சமயத்தில் அலுவலகம் அவரை ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பியது. போவதற்கு முன் சகாதேவனை மிரட்டி மறுபடியும் புது டிஸ்க் போட வைத்தார். கார் பட்டறையிலேயே நின்றது. தினமும் அங்கேயே ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், யாரும் வெளியே எடுக்கக் கூடாது என்று சகாதேவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அவருடைய பஸ் செஞ்சியைத் தாண்டுவதற்குள் ஆதிலட்சுமி பட்டறைக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் அவர் காரில்தான் வேலைக்குப் போனார். முதல் நாள் இரண்டாவது கியரிலேயே போனார். பிறகு பழகிவிட்டது. விடுமுறை நாளன்று தனியாகப் போளூர் தாண்டி மலையடிவாரம் வரை போய், ஆள் இல்லாத சாலையில் சகாதேவன் செய்ததைப் போலவே வேகம் ஏற்றி அழுத்திப் பிரேக் போட்டுப் பார்த்தார். ஸ்டீரிங் அசையவில்லை. மறுபடி போட்டார். அசையவில்லை. வீட்டுக்கு வந்து காரை உள்ளே விட்டுவிட்டு, அழுக்குச் சக்கரத்தோடே அதை மறந்துபோய் அரிசி களையப் போனார்.

முருகையன் சனிக்கிழமை திரும்பியபோது, ஆதிலட்சுமி காலையிலேயே கொண்டுபோய் விட்டிருந்த கார் பட்டறையில் நின்றது. மறுநாள் போளூரில் ஒரு கல்யாணம். அவர்தான் ஓட்டினார். போகும்போது உதறல் இல்லை, வரும்போதும் இல்லை. சகாதேவன் ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்றார். கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். வாளி வந்தது.

கேட்டைத் திறக்க இறங்கிய ஆதிலட்சுமி ஒரு வாரமாகக் கேட்காத அந்தச் சத்தத்தை அப்போது கேட்டார். சுர்ரென்று வந்தது. ஆவி முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அவர் செவிலியர் பயிற்சியில் இருந்த காலத்தில் கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்துத்தான் எடுப்பார்கள். ஆறும்வரை பொறுக்காமல் கூடப் படித்த ஒருத்தி அவற்றைக் குழாய்த் தண்ணீரில் காட்ட, டிரேயில் இருந்த அத்தனையும் விரிசல் விட்டது. அவள் மேட்ரனிடம் வாங்கிய திட்டு விடுதி முழுவதும் கேட்டது. இரும்பு விரிசல் விடாது, நெளியும். ஆதிலட்சுமி கேட்டைத் திறந்துவிட்டார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்.

காலையில் உதறியது. மாலையில் முருகையன் தீர்ப்போடு வீடு திரும்பினார்.

"கிலோமீட்டர் ஏறியிருக்குதே, வண்டிய வெளிய எடுத்தியா?"

"எடுத்தேன். வாரம் பூரா ஓட்டினேன்."

"அதான். உன் கை பட்டுதான் போயிருக்குது. ஒரு வாரத்துல டிஸ்க்க காலி பண்ணிட்ட."

"நேத்து போளூர் போய் வந்தீங்களே, உதறிச்சா?"

"இல்ல."

"வந்ததும் தண்ணி ஊத்தினீங்க. இன்னிக்கு உதறுது."

முருகையன் சிரித்தார். "மஞ்சத்தண்ணில இரும்பு நெளியுமா லட்சுமி?"

"மஞ்சள்ல இல்லீங்க. சூட்டுல. காஞ்சிருக்கிற தோசக்கல்லுல ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க, இன்னா ஆவுதுனு பாப்போம்."

"அது தோசக்கல்லு. இது கார்."

"ஆவி வருதே, அத இன்னான்னு நெனச்சீங்க?"

"திருஷ்டி."

"அது தண்ணிங்க," என்றார் ஆதிலட்சுமி.

முருகையன் இதை மேல்முறையீட்டுக்குக் கொண்டு போனார். மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போய், தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கெடுமா என்று, கெடாது என்ற பதில் வரும் தொனியில் கேட்டார். எப்போது ஊற்றுவீர்கள் என்றார் சகாதேவன். வந்து நிறுத்தியவுடன் என்றார் முருகையன். சகாதேவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மேடம் சொல்றது கரெக்ட்டு சார். நான் மொதல்லயே நெனச்சேன்."

"நெனச்சியா? அப்ப ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. இத்தனை டிஸ்க் மாற்றியவர் காரை எப்படி ஓட்டுகிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால், தெரியாது என்று சொன்னதாகிவிடுமே. அப்பாதுரைக்குச் செய்தி போனதும் அவரும் விவரமாகப் பேசினார். அலுவலக ஜீப் உதறாததற்கு அதை ஒருநாளும் கழுவாததே காரணம் என்று புதிதாகக் கண்டுபிடித்து, அதைத் தன்னுடைய சர்வீஸ் சாதனையாக டீக்கடையில் அறிவித்தார்.

முருகையனின் நிலைமைதான் மோசம். வாழ்நாள் முழுவதும் பொறுப்பானவரைத் தேடிக் கண்டுபிடித்தவர், இப்போது கண்டுபிடித்த இடத்தில் தன் வாளியைப் பார்த்தார். இரண்டு நாள் அலுவலகத்தில் யாரையும் விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை முகம் தெளிந்திருந்தது. ஆள் கிடைத்துவிட்டார். முச்சந்தியில் பூசணிக்காயை உடைத்துவிட்டுப் போன அந்த முகம் தெரியாத மனிதர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அவர் உடைக்காமல் இருந்தால் கார் மிதித்திருக்காது, மிதிக்காமல் இருந்தால் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்காமல் இருந்தால் வாளி வந்திருக்காது. ரோட்டில் இப்படிப் போடுகிறவர்கள்மேல் நடவடிக்கை எடுக்க ஊரில் ஓர் ஆள் இல்லை என்று வருத்தப்பட்டார்.

ஆனால் கழுவுவதை நிறுத்த மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். மலைக்குப் போகிற சாலையில் யார் எதை உடைத்துப் போட்டிருப்பார்களோ, அதை மிதித்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் வருவதா என்றார். கழுவினால் நெளியும், நெளிந்தால் மலைக்குப் போக முடியாது. ஆகவே மலை வேண்டாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் தெரியவில்லை.

மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. ஆதிலட்சுமி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"கழுவ வேணாம்னு நான் சொல்லலீங்க. ஆறட்டும், அப்புறம் கழுவுங்க. அதுவரைக்கும் வண்டி வெளியவே நிக்கட்டும்."

"வெளிய நின்னா எவனாவது கீறிட்டுப் போவான். மாடு வந்து உரசும்."

"அப்ப ஆறுற வரைக்கும் வண்டி பக்கத்துல உக்காருங்க."

"மலைல உதறினா?"

"உதறினா பதவி வேணாம்னு நானே எழுதிக் குடுத்துட்றேன். டிஸ்க்க சரி பண்ணிட்டு நீங்களும் வாங்க. பக்கத்து சீட்டுல உக்காந்து பாருங்க."

முருகையன் காரைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். டிஸ்க்கை மட்டமாக்கி மாட்டித் தந்தார் சகாதேவன், இந்த முறை விசாரணை இல்லாமல். அன்று மாலை கார் ஆறிய பிறகே வாளி வந்தது. மறுநாள் முருகையன் லீவு போட்டுவிட்டு இடது சீட்டில் ஏறினார். போளூர் வரை கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தார். மலை ஏறும்போது ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆதிலட்சுமி மேலே போய்ப் பணியில் சேர்ந்து, புதிய ஆட்களைப் பார்த்துப் பேசிவிட்டு வரும்வரை, இறங்கும்போது கட்டாயம் உதறும் என்று நம்பிக்கையோடு ஒரு மரத்தடியில் காத்திருந்தார்.

இறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக்கைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு ஆதிலட்சுமி நிதானமாக வந்தார். இதற்குப் பேர் ஓட்டுவதா என்று முருகையன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு கொண்டை ஊசி வளைவில் சாமை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று பாதிச் சாலையை எடுத்துக்கொண்டு எதிரில் வந்தது. ஆதிலட்சுமி பிரேக்கை முழுதாக மிதித்தார். கார் நேராக நின்றது. ஸ்டீரிங் அசையவில்லை. லாரிக்காரர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மெல்ல உரசாமல் போனார். முருகையனும் தன் பக்கம் இல்லாத ஒரு பிரேக்கை அதே வேகத்தில் மிதித்திருந்தார். அதில் அவருடைய செருப்பு வார் அறுந்தது. போளூர் வரும்வரை அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாவி இப்போது ஆதிலட்சுமியிடம் இருக்கிறது. முருகையன் ஷேர் ஆட்டோவில் அலுவலகம் போகிறார். நடுச் சாலையில் நிறுத்தி ஆள் ஏற்றினால்தான் நாலு பேருக்கு இடம் கிடைக்கும் என்பது இப்போது அவருக்குப் புரிகிறது. எதிரில் வேகமாக வந்து பிரேக் போடும் கார்க்காரர்களைப் பார்த்து உள்ளே இருந்தபடியே தலையை ஆட்டுகிறார். யாருடைய காராவது உதறுகிறது என்று காதில் விழுந்தால் டீக்கடையில் விளக்கம் சொல்கிறார். கையிலா, சீட்டிலா என்று கேட்கிறார். சூட்டோடு தண்ணீர் ஊற்றுகிற முட்டாள்களும் இருக்கிறார்கள் என்கிறார்.

மாலையில் மலையிலிருந்து கார் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கும். ஆதிலட்சுமி உள்ளே போய்க் குளித்துவிட்டுக் காபி போடுவார். முருகையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வாளியும் கொண்டுவந்து, முன் சக்கரத்துக்கு எதிரில் உட்கார்ந்து, இரும்பு ஆறுவதற்காகக் காத்திருப்பார். அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்ப்பார், உடனே விரலை எடுத்துக்கொள்வார். தெருவில் போகிறவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

போன வாரம் எதிர்வீட்டு மாடியில் புதிதாகக் குடிவந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்த வழியாக வந்தாள். ஒரு சக்கரத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரையும், பக்கத்தில் மஞ்சள் தண்ணீரையும் சற்று நேரம் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். முருகையனுக்கு எழுந்து போகவும் முடியவில்லை, என்னவென்று சொல்லவும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஆதிலட்சுமியின் குரல் கேட்டது. "ஆறிடிச்சாங்க?"

"இன்னும் இல்ல," என்றார் முருகையன், அந்தப் பெண்ணின் தியானம் கலைந்துவிடாதபடி மெதுவாக.